பெரியவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களில் வங்கி ஊழியர் உண்டு, கல்லூரி மாணவி உண்டு, பணி ஓய்வு பெற்ற பொறியாளர் உண்டு. ஆட்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. தன்னார்வலர்களையும் கற்க விரும்புகிறவர்களையும் சேர்த்துவைக்கும் வேலையில் இருப்பதால், ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

இங்கே பேசுவது, தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்து எழுத்து மட்டும் தெரியாத பெரியவர்களைப் பற்றி. வரிசையாகப் படியுங்கள்; முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

நான் ஆசிரியர் இல்லை. பயிற்சி எதுவும் எடுத்ததில்லை. நான் சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. உங்களிடம் வேண்டியது மூன்று: தடங்கலின்றிப் படிக்கத் தெரிய வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும். மூன்றாவதுதான் கடினம். பல ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்தவர்கள்கூட அதில்தான் தடுமாறுகிறார்கள். கரும்பலகைக் குரல் அவர்களை விட்டுப் போக நாளாகும்.

இரண்டாவதை லேசாக எண்ண வேண்டாம். உங்களிடம் படிக்க வருகிறவர் அந்த ஒரு மணி நேரத்துக்காக வேலையில் யாரிடமோ கெஞ்சியிருப்பார்; வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு வந்திருப்பார். நீங்கள் அரை மணி தாமதமாக வந்து 'சாரி' சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே 'பரவாயில்லை' என்பார். அடுத்த முறை வரமாட்டார்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வாரம் இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம் என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவருகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைப்பதைவிட நான்கு நாள் இருபது நிமிடம் எவ்வளவோ மேல். இரண்டு வகுப்புக்கு நடுவே ஒரு வாரம் போய்விட்டால் பாதி மறந்துவிடும். குறைந்தது ஆறு மாதம் இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால், எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளியைப் பாதியில் விட்டவருக்கு, பாதியில் விட்டுப்போன ஆசிரியர் ஒருவரும் தேவையில்லை.

ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் மண்டையில் ஏறுமா?

ஏறும். 2010-இல் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் என்ற பிரெஞ்சு நரம்பியல் அறிஞரின் குழு, பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தே அறியாதவர்கள், பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள், சிறுவயதிலேயே பள்ளிக்குப் போனவர்கள் ஆகியோரின் மூளைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. படிக்கக் கற்பதால் மூளையில் உண்டாகும் மாற்றங்களில் பெரும்பாலானவை, வயதான பிறகு கற்றவர்களிடமும் தெரிந்தன. வேகம் குறைவாக இருக்கலாம், பாதை மூடிவிடவில்லை.

பெரியவர்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு 'பத்திரம்', 'தவணை', 'சிபாரிசு' என்று எழுத்துக் கூட்டிவிட்டாலும் பொருள் தெரியாது. உங்கள் எதிரே இருப்பவருக்கு அந்தச் சொற்களோடு நாற்பது வருடப் பழக்கம். எழுத்து ஒலியாகிவிட்டால் போதும், பொருள் தானே வந்துவிடும்.

ஒன்றை முதல் வாரத்திலேயே பாருங்கள்: கண். நாற்பதைத் தாண்டிய பிறகு கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் வருவது. படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். எழுத்தைப் பார்த்தே பழகாதவருக்குத் தன் கண்ணில் குறை இருப்பது தெரிய வழியே இல்லை. 'எனக்குப் படிப்பு வராது' என்று அவர் சொல்வது சில சமயம் 'எனக்குத் தெரியவில்லை' என்பதுதான். தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறாரா, வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறாரா என்று கவனியுங்கள். அப்படிச் செய்தால் கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; அதுவரை எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? அ, ஆ, இ, ஈ தானே?

அந்த வரிசை மனப்பாடம் செய்ய நல்லது. தொடங்குவதற்கு நல்லதல்ல. வரைந்து பாருங்கள்: 'அ', 'இ' இரண்டும் சுழியும் வளைவுமாகத் தமிழில் கை ஒடிக்கும் எழுத்துகள். பேனா பிடித்தே பழகாத விரல்களுக்கு முதல் நாளே இதைக் கொடுத்தால், அவர் மனத்தில் நெடுநாளாக இருக்கும் சந்தேகத்தை நீங்களே உறுதி செய்தது போல் ஆகிவிடும். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டாதீர்கள். அது தெரிந்தவர்களுக்கான அழகு.

நேர்கோடு மிகுந்த எழுத்துகளில் தொடங்குங்கள்: ப, ட, ம. மூன்றே எழுத்து, கூடவே புள்ளி. இதைக் கொண்டே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு உண்மையான சொற்கள் வந்துவிடும். அடுத்த வகுப்பில் துணைக்கால் ஒன்றைச் சேருங்கள்: பாடம், மாடம், மாமா, பட்டா. 'பட்டா' என்று எழுத்துக் கூட்டி, அது என்ன என்று உறைத்து, நிமிர்ந்து பார்க்கிற முகத்தைப் பார்த்தவர்கள் பிறகு 'அ'வில் தொடங்குவதில்லை. அதன் பிறகு ர, க, த, ச என்று போகலாம். வரிசை முக்கியமில்லை. ஒவ்வொரு புது எழுத்தும் வந்த அன்றே ஒரு சொல்லுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு, அவருடைய பெயர். அதில் எந்த எழுத்து இருந்தாலும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். 'ஜெயா', 'ஷரீப்', 'ஸ்டெல்லா' என்றிருந்தால் 'கிரந்த எழுத்து, கடைசியில் வரும்' என்று இலக்கணம் பேச வேண்டாம்.

'க்' கூட்டல் 'அ' சமம் 'க' என்று விளக்குகிறேன். திருதிருவென்று விழிக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

புரியவைக்க வேண்டாம். விழிப்பது அவர் குறையல்ல. 1979-இல் ஜோஸே மொராயிஸும் உடன் ஆய்வாளர்களும் போர்ச்சுகலில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். எழுத்தறியாதவர்களால் அது பெரும்பாலும் முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்களுக்கு முடிந்தது. அதாவது, மெய்யையும் உயிரையும் காதால் பிரித்தறிவது எழுத்து தெரிந்ததால் வரும் திறமை. அதை எழுத்து தெரிவதற்கு முன்பே கேட்டால் எப்படி?

நல்லவேளையாகத் தமிழ் எழுத்துக்கு அந்தப் பிரிப்பு முதலில் தேவைப்படுவதில்லை. 'மரம்' என்பதை ம, ர, ம் என்று கைதட்டிப் பிரிக்க யாருக்கும் வரும். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. க, கா, கி, மா, மு எல்லாவற்றையும் முழு ஒலியாகவே கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் துணைக்காலைப் பார்த்த பிறகு, 'இந்தக் கால் வந்தால் எல்லாம் நீளுகிறது' என்று அவரே சொல்வார். கணக்கு அப்போது அவருடையதாகிவிடும்.

எந்த இடத்தில் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்?

கொம்பில். கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிவிட்டு, இங்கே மட்டும் தாண்டிப் போய்த் திரும்பி வா என்கிறோம். 'கொ', 'கோ' இன்னும் மோசம். எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும். கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். 'ஒன்றாகப் பார், ஒன்றாகச் சொல்' என்பதுதான் இதற்கு வைத்தியம். 'கௌரி'யில் வருகிற 'கௌ'வும் 'கெ'யையும் 'ள'வையும் அடுத்தடுத்து எழுதினால் வருகிற 'கெள'வும் ஒன்றுபோல் இருப்பது எழுத்தின் குற்றம்; சொல்லைத் தெரிந்தவர் தானே பிரித்துக்கொள்வார்.

அடுத்தது உகர, ஊகாரம். கு, சு, து, மு, ரு என்று வகைக்கு ஓர் உருவம். இதற்குச் சூத்திரம் சொல்லி நேரத்தை வீணாக்காமல், அடிக்கடி வரும் சொற்களில் தனித்தனியாகப் பழக்குங்கள். இதற்கு மாறாக, நாம் பயப்படுகிற ஓர் இடத்தில் அவர்களுக்குச் சிரமமே இருப்பதில்லை. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க', ஒலி மூன்று விதம். இதை விளக்கவே வேண்டாம், வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். ல, ள, ழ, ண, ன, ர, ற ஆகியவற்றைப் படிப்பதில் தொந்தரவு குறைவு, எழுதும்போதுதான் தகராறு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பள்ளி முடித்தவர்களே தினமும் தப்பாக எழுதுகிற விஷயம் அது.

பழைய பத்திரமோ புத்தகமோ கொண்டுவந்து 'இது என்ன எழுத்து?' என்று கேட்டால் திகைக்க வேண்டாம். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்கு வேறு உருவம் இருந்தது. 'இது பழைய எழுத்து, நான் படித்துச் சொல்கிறேன்' என்று கடந்துவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் புத்தகம் நிறைய இருக்கிறது. அதை வைத்தே நடத்தலாமா?

வேண்டாம். பேரன் பேத்தி எடுத்தவரிடம் முயலும் ஆமையும் கதையை நீட்டுவது மரியாதை இல்லை. எழுத்து பெரிதாக இருக்கிறது, வாக்கியம் சிறியதாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைத் திறந்து வைத்திருப்பதை வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவர் கூசுவார். ஒரே விதிவிலக்கு: பேரனுக்கு நானே படித்துக் காட்ட வேண்டும் என்று அவரே கேட்டால், அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற பிரேசில் கல்வியாளர் 1963-இல் அந்நாட்டின் ஆன்ஷிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு வகுப்பு நடத்தியபோது பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. மக்களோடு பேசி, அவர்கள் வாயில் அடிக்கடி புழங்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றிலிருந்தே எழுத்துகளைப் பிரித்துக் காட்டினார்கள். 'செங்கல்' என்பது அவர் முறையில் பேர்பெற்ற சொல்; சுமந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். அந்த வகுப்புகள் 40 மணி நேரத்தில் முடிந்தன என்று படித்துவிட்டு, 'எனக்கு ஏன் முடியவில்லை?' என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அது வேறு மொழி, வேறு எழுத்து, பின்னால் பெரிய குழு. சொல்லை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தை விட்டுவிடுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வந்து உட்கார்ந்ததும் 'என்னம்மா, களைப்பாக இருக்கிறீர்களே?' என்று கேட்கிறீர்கள். 'ராத்திரி தூக்கம் இல்லை. பேரனுக்குக் காய்ச்சல்' என்கிறார். அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். விரல் வைத்து நீங்கள் ஒரு முறை படியுங்கள், பிறகு அவர். சொன்னது அவரே என்பதால் என்ன வரும் என்று தெரியும். எழுத்தின் மீதான பயம் பாதியாகக் குறையும். பிறகு ஐந்து சொற்களையும் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் குலுக்குங்கள். 'தூக்கம்' எது? 'காய்ச்சல்' எது? மீண்டும் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு சொற்களை வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். அன்றைய பாடம் முடிந்தது.

அவர் சொல்வதை எழுதும்போது பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழில் எழுதுவதா?

நல்ல கேள்வி. இதில் தன்னார்வலர்களுக்குள்ளேயே சண்டை நடக்கும். என் கட்சி இது: முதல் சில வாரங்களுக்கு அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். 'வந்துடுச்சு' என்று சொன்னதை நீங்கள் 'வந்துவிட்டது' என்று எழுதினால், அவர் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாரா நினைவிலிருந்து சொல்கிறாரா என்பது குழம்பிவிடும். எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை வருவதற்கு முன்பே அதை நாமே உடைத்தவர்களாவோம்.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. பலகையிலும் படிவத்திலும் செய்தித்தாளிலும் அச்சாகியிருப்பது வேறு தமிழ். 'கொண்டுவரவேண்டும்' என்பதை எழுத்துக் கூட்டி முடித்துவிட்டு, தமிழேதான், இருந்தும் என்ன சொல் என்று பிடிபடாமல் நிற்பார்கள். எனவே எழுத்துகள் ஓரளவு பழகியதும் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள்: நாம் சொல்வது இது, அச்சில் வருவது இது. தினமும் செய்தித்தாளிலிருந்து ஒரு தலைப்பை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டினாலே காது பழகிவிடும். வானொலிச் செய்தி கேட்கிறவர்களுக்கு இந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துபோகும்.

தப்பாகப் படித்தால் உடனே திருத்தலாமா?

மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து விநாடி உங்களுக்குத்தான் நீளம், அவருக்கு அது வேலை நேரம். பொருள் கெடாத தவறென்றால் விட்டுவிடுங்கள். 'வீட்டிற்கு' என்றிருப்பதை 'வீட்டுக்கு' என்று படித்தவர் உண்மையில் நன்றாகப் படிக்கிறார். பொருள் கெட்டால் வரி முடியும்வரை பொறுத்து, 'இது சரியாக வருகிறதா?' என்று கேளுங்கள். 'மாடம்' என்பதை 'மடம்' என்று படித்தவர் பெரும்பாலும் தானே திரும்பிப் போவார். அப்படியும் வரவில்லையென்றால் சொல்லிவிடுங்கள். பரீட்சை ஒன்றும் நடக்கவில்லை.

'இது சுலபம்தானே?' என்ற சொற்களை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். வந்துவிட்டால் அவருக்குப் பெருமையில்லை, வராவிட்டால் அவமானம்.

கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொடுங்கள், போதும் என்கிறார். அதோடு நிறுத்துவதா?

அவர் கேட்டது அதுதானே, அதை முதலில் கொடுங்கள். கைநாட்டு வைப்பதற்கு மையில் விரலைத் தோய்க்கும்போது சுற்றி நிற்பவர்களின் பார்வை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் பெயரை ஒரு கோலம்போல் நகலெடுக்கப் பழக்காதீர்கள். ஒவ்வோர் எழுத்தும் என்ன ஒலி என்று தெரிந்து எழுதட்டும். 'முருகம்மாள்' என்ற பெயருக்குள் மு, ரு, க, ம், மா, ள் என்று பாதி அரிச்சுவடி உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்துகளைக் கொண்டு வேறு நான்கு சொற்களைக் காட்டினால், நிறுத்துவதா தொடர்வதா என்று அவரே முடிவு செய்வார். நிறுத்தினால் அதுவும் சரிதான்.

கையெழுத்து வந்துவிட்ட பிறகு ஓர் ஆபத்து உண்டு. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தமிழ் வேண்டாம், ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். என்ன செய்வது?

அவர் ஆசையில் தப்பில்லை. மருந்து அட்டையும் கைப்பேசித் திரையும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பேசத் தெரியாத மொழியில் முதன்முதலாகப் படிக்கக் கற்பது இரட்டை வேலை; எழுத்துக் கூட்டிய பிறகும் சொல் எதுவென்று தெரியாது. வாசிப்பு என்றால் என்ன என்பது ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்கு அதை எடுத்துப்போகலாம். இதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள், முடிவு அவருடையது. நடுவழி ஒன்றும் உண்டு: தமிழில் படித்துக்கொண்டே, அன்றாடம் கண்ணில் படும் பத்திருபது ஆங்கிலச் சொற்களை முழு உருவமாக அடையாளம் காணப் பழக்கலாம்.

எண்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பணத்தாளும் பஸ் எண்ணும் தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 'உங்களுக்குப் பத்து எழுத்து ஏற்கெனவே தெரியும்' என்று அதைக் காட்டி முதல் நாளே சொல்லலாம்.

கைப்பேசியே எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறதே, இனி எதற்கு இந்தப் பாடு?

இப்படிக் கேட்கிறவர் எப்போதும் படிக்கத் தெரிந்தவராகவே இருக்கிறார். கைப்பேசி உரக்கத்தான் படிக்கும். மருத்துவமனை வரிசையில், மருமகள் அருகில் இருக்கும்போது, தனக்கு வந்த செய்தி எல்லோருக்கும் கேட்கும். தன் கடிதத்தைத் தானே மௌனமாகப் படிப்பது என்ற வசதி நமக்குப் பழகிவிட்டது.

அதற்காகக் கைப்பேசியை ஒதுக்கவும் வேண்டாம். குரலைப் பதிவு செய்து எழுத்தாக்கிப் பார்ப்பது, உறவினருக்கு இரண்டு சொல் தட்டச்சு செய்து அனுப்புவது எல்லாம் நல்ல பயிற்சி. ஒரு கட்டுப்பாடு: அவருக்கு வரும் வங்கிச் செய்திகளையும் கடவு எண்களையும் பாடமாக்காதீர்கள். அவரே நீட்டினாலும் பார்க்காதீர்கள். 'இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்ற வரியைத் தனியாக ஒரு தாளில் எழுதிப் படிக்கவையுங்கள்.

தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பது நல்லதா, குழுவாகவா?

கூச்சம் அதிகமென்றால் தனியாக. கொஞ்சம் பிடிபட்ட பிறகு இரண்டு மூன்று பேராக. பத்துப் பேர் என்றால் வேகமானவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். 1930-களில் பிலிப்பைன்ஸில் மரனாவோ மக்களிடையே வேலை செய்த அமெரிக்க மதபோதகர் ஃபிராங்க் லாபாக், படித்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற முறையைப் பரப்பினார். அதை அப்படியே திணிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று மாதம் முன்னால் வந்தவர் புதிதாக வந்தவருக்கு 'ட'வைக் காட்டும்போது குறுக்கே போகாதீர்கள். உங்களைவிட அவருக்கு அந்தச் சிரமம் நன்றாக நினைவிருக்கும்.

வகுப்பைப் படம் எடுத்துப் போடலாமா? நாலு பேருக்கு ஊக்கமாக இருக்குமே.

கூடாது. 'அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்' என்பதும் எடுபடாது. சொல்லிக்கொடுக்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. படிக்கத் தெரியாததை முப்பது வருடம் மறைத்து வாழ்ந்தவர்கள் உண்டு. கண்ணாடியை மறந்துவிட்டேன், கை வலிக்கிறது, நீங்களே நிரப்பிவிடுங்கள் என்று அவர்கள் வைத்திருக்கும் சாக்குகளைத் தொகுத்தால் தனிப் புத்தகமாகும். தெருவில் பார்த்தால் 'இன்றைக்கு வகுப்பு உண்டா?' என்று கூவாதீர்கள். வணக்கம் சொல்லுங்கள், போதும்.

கணவரோ மகனோ வந்து 'எவ்வளவு தூரம் தேறியிருக்கிறார்கள்?' என்று கேட்டாலும் இதே விதிதான். 'அவர்களிடமே கேளுங்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடத்த நாம் வரவில்லை.

நாலு வாரம் ஒழுங்காக வந்தார், பிறகு ஆளையே காணோம். ஆர்வம் இல்லையோ?

ஆர்வத்தின் மேல் பழி போடுவதற்கு முன் வேறு காரணங்களைப் பாருங்கள். வேலை நேரம் மாறியிருக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். வீட்டில் பிடிக்காமலும் போயிருக்கலாம்: உலகில் எழுத்தறியாத பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள், அதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் இல்லை. ஒரு முறை அழையுங்கள். 'ஏன் வரவில்லை?' என்று கேட்காமல், 'எப்போது வந்தாலும் இடம் இருக்கிறது' என்று சொல்லுங்கள். மூன்று முறை அழைத்தால் அது வசூல். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒன்றைப் படிக்கவைத்துவிட்டு மேலே போங்கள்.

நீங்கள் கொடுப்பது அவருக்கு வேண்டியதுதானா என்றும் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். எழுத்தின் பயன் தெரிய நாளாகும். சைக்கிளின் பயன் அன்றைக்கே தெரிந்தது. உங்கள் வகுப்பிலும் அன்றைக்கே பயன்படுவதாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: பஸ் பலகை, மருந்து வேளை, பேத்தியின் பள்ளி அறிவிப்பு.

மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன், முன்னேற்றமே இல்லை. விட்டுவிடலாமா?

கண்ணைப் பற்றி மேலே சொன்னதை முதலில் சரிபாருங்கள், பிறகு காதை. இரண்டும் சரியென்றால், வகுப்புக்கு வெளியே எழுத்தைப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை. எல்லாம் இருந்தும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அதைக் கண்டறிவது நம் வேலையில்லை, பெயர் சூட்டுவதும் நம் வேலையில்லை. வேகத்தைக் குறைத்து, ஒரு நேரத்தில் ஓர் எழுத்து, அதை மணலிலும் தாளிலும் விரலால் எழுதிப் பழக்கம் என்று மாற்றிப் பாருங்கள். வேறு தன்னார்வலரிடம் மாற்றுவதும் பல நேரம் பலன் தருகிறது. இதில் உங்கள் கௌரவத்துக்கு ஒன்றும் வந்துவிடாது.

படிக்கத் தெரிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

தன் அன்றாட வாழ்வைப் பற்றிய எளிய சிறு வாக்கியம் ஒன்றைப் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவுள்ளவர் என்று யுனெஸ்கோ 1958-இல் வரையறுத்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏழு வயது முதல், ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு எழுதப் படிக்கத் தெரிவதைத்தான் அளவாக வைத்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் கேட்பதில்லை.

என் அளவுகோல் இன்னும் எளிமையானது. அவர் முன்பு பார்த்திராத, நீங்கள் படித்துக் காட்டியிராத நான்கு வரிகளைக் கொடுங்கள். படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்துவைத்து, என்ன இருந்தது என்று தன் சொல்லில் சொல்லட்டும். சொல்லிவிட்டால் உங்கள் பங்கு பெரும்பாலும் முடிந்தது. அதன் பிறகு உடனே விலகிவிடாமல், மாதம் ஒரு முறை சந்தித்துப் படிக்க ஏதாவது கொடுத்துக்கொண்டிருங்கள். புழங்காத எழுத்து மறந்துபோகும். திரும்ப வந்து சேருகிறவர்களில் முன்பு ஒரு முறை கற்றவர்களும் உண்டு.

கடன் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, 'நீங்களே சொல்லுங்கள், கையெழுத்துப் போடட்டுமா?' என்கிறார். என்ன சொல்வது?

கையெழுத்து வந்த பிறகு வரும் ஆபத்து என்று சொன்னது இதுதான். கைநாட்டு வைத்த காலத்தில் 'இவருக்குப் படிக்கத் தெரியாது, படித்துக் காட்ட வேண்டும்' என்றாவது இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். அதனால் பெயர் எழுதக் கற்ற வாரத்திலேயே, படிக்காத தாளில் பெயர் எழுதக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பத்திரத்தை வரிவரியாக, எதையும் விடாமல், சுருக்காமல் உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் என்ன புரிந்தது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். தொகை, வட்டி, தேதி, பெயர் நான்கையும் அவரே விரல் வைத்துக் காட்டட்டும். இந்த நான்கையும் கண்டுபிடிக்க அரைகுறைப் படிப்பே போதும். நிரப்பாத இடம் எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போடுங்கள் என்றோ போடாதீர்கள் என்றோ சொல்ல வேண்டாம். உங்கள் சொல்லுக்கு அவர் கொடுக்கும் மதிப்பு, சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் அறிவைவிடப் பல மடங்கு பெரியது. சட்டம் தெரிந்தவர் ஒருவரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ காட்டச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் கூடப் போங்கள். சாட்சிக் கையெழுத்து மட்டும் நீங்கள் போடாதீர்கள்.